26-ஆம் தேதிக்குப் பிறகும் கிறிஸ்துமஸ்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்ததும் பத்திரிகைகள் எல்லாம் கிறிஸ்துமஸைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகின்றன. 26-ஆம் தேதி விடிந்தால் புத்தாண்டுக்குத் தாவிவிடுகின்றன. திருச்சபையின் நாட்காட்டியில் அது விழாவின் இரண்டாம் நாள்தான். டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை எட்டு நாளையும் ஒரே பெருவிழாவாக, கிறிஸ்து பிறப்பின் எண்கிழமையாகக் கத்தோலிக்கர்களாகிய நாங்கள் கொண்டாடுகிறோம். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா என்று மொத்தக் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் கூடுகிறவர்களுக்கு இந்த எட்டு நாள் எவ்வளவு பெரிய கொடை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருக்குடும்பம் என்றதும் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு என்று மூவர்தான் நம் கண்முன் வருகிறார்கள். நற்செய்தியைத் திறந்தால் உறவுக்காரர்களுக்குக் குறைவே இல்லை. இயேசு பிறக்கப்போவதைச் சொல்லிவிட்டு வானதூதர் போனதும் மரியா புறப்பட்டது உறவினரான எலிசபெத்தின் வீட்டுக்கு. அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் தங்கிவிட்டபோது, பெற்றோர் ஒரு நாள் பயண தூரம் வந்த பிறகே அவரைத் தேடினார்கள். பயணக் கூட்டத்தில் உறவினர்களோடு வருவான் என்று நம்பியிருந்தார்கள் என்கிறார் நற்செய்தியாளர் லூக்கா. பிள்ளையை அந்த அளவுக்கு நம்பி விடக்கூடிய சொந்தங்கள் அவர்களுக்கு இருந்திருக்கிறார்கள்!

மத்தேயு நற்செய்தி தொடங்குவதே இயேசுவின் வம்சவரலாற்றோடுதான். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஜெபத்தில் அதைப் பிள்ளைகள்தான் வாசிப்பார்கள். அம்மினதாபு, நகசோன், செருபாபேல் என்று வரும் இடங்களில் நாக்கு புரளாமல் தடுமாறும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா அந்தப் பெயரின்கீழே விரலை வைத்து மெதுவாகச் சொல்லிக்கொடுப்பார். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று அந்தப் பட்டியலில் வரும் பெண்களின் கதைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், அப்பழுக்கில்லாத குடும்பம் ஒன்றில் ஆண்டவர் பிறக்கவில்லை என்று. மனக்கசப்பும் பழைய கதைகளும் உள்ள நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது?

26-ஆம் தேதி, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவானின் திருநாள். தன்மேல் கல்லெறிந்தவர்களுக்காக மன்றாடிக்கொண்டே இறந்தவர் அவர். கிறிஸ்துமஸுக்கு மறுநாளே மன்னிப்பை நினைவூட்டும் திருநாள் வருவது எவ்வளவு பொருத்தம்! பல வருடங்கள் கழித்து முகம் பார்க்கும் அண்ணன் தம்பிகளுக்கு அது காதில் விழவேண்டிய நாள்தான்.

28-ஆம் தேதி, குழந்தை இயேசுவை ஒழிக்க நினைத்து ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். எங்கள் குடும்பத்தில் பிறந்த சில மணி நேரத்திலேயே ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த குழந்தை ஒன்று உண்டு. தாய் மனம் நோகுமே என்று யாரும் அந்தப் பெயரை எடுத்ததே இல்லை. ஒரு வருடம் அன்றைய மாலை ஜெபத்தில் என் மாமியார் அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடினார். என் நாத்தனார் வாய்விட்டு அழுதார். பிறகு, இத்தனை நாள் என் பிள்ளையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர் எங்கள் வீட்டு ஜெபத்தில் நிலைத்துவிட்டது. தனியாக ஒரு வீட்டில் கதவடைத்துக்கொண்டு கொண்டாடியிருந்தால் இது நடந்திருக்காது.

எண்கிழமைக்குள் வரும் ஞாயிறு திருக்குடும்ப விழா. அப்படி ஞாயிறு அமையாத ஆண்டில் 30-ஆம் தேதி அதைக் கொண்டாடுகிறோம். இந்த விழாவை 1921-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் உலகத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். 1969-இல் அது கிறிஸ்துமஸ் வாரத்துக்கு வந்தது. அன்றைக்குரிய வாசகங்களில் ஒன்று, விவிலியத்தின் சீராக்கின் ஞானம் என்ற நூலின் மூன்றாம் அதிகாரம். தந்தையின் அறிவாற்றல் குறைந்துபோனாலும் அவரிடம் பொறுமையாயிரு, அவரை இகழாதே என்கிறது. மறதி முற்றி, பெற்ற மகனையே யாரப்பா நீ என்று கேட்கும் தாத்தாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு இதைக் கேட்டுப்பாருங்கள். அவரை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் அன்று வேறு விதமாக நடந்தது.

விடுமுறை கிடைக்காமல் எல்லா நாளும் தங்க முடியாதவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பணியிடம் திரும்பிய பிறகும் மாலையில் காணொளி அழைப்பில் அவர்கள் ஜெபத்தில் சேர்ந்துகொள்ளலாம். அதற்குத்தான் தங்களிடம் ஒரு வேண்டுகோள்: வரும் டிசம்பரில் தங்கள் சிறப்புப் பக்கங்களை 25-ஆம் தேதியோடு நிறுத்தாமல், ஜனவரி 1 வரை அந்தந்த நாளின் திருநாளையும் வாசகத்தையும் ஒரு சிறு பத்தியாக வெளியிடுங்கள். எங்கெங்கோ சிதறி இருக்கும் உறவினர்கள் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து ஜெபிக்க அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி