ரசீது இருக்கிறது, பதிவைக் காணோம்: நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

டேட்டாபேஸ் பாடத்தின் முதல் நாளில் கரும்பலகையில் எழுதும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். கனெக்‌ஷனை ஒருமுறை திறந்து குளோபல் மாறியில் போட்டுவிடுகிறோம். நிரல் முழுக்க அதுவே ஓடுகிறது. ஒற்றை த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைச்சரடு) இருக்கும்வரை பழுதில்லை. ஆனால் பிள்ளைகள் அதே பழக்கத்தோடு, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைக்கும் வந்துவிடுகிறார்கள்.

நான் முன்பு வேலைபார்த்த இடத்தில் கட்டணம் வசூலிக்கும் மென்பொருள் பைத்தானில் இருந்தது. சைக்கோபிஜி2 என்ற இணைப்பு நூலகம் வழியாகப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒருநாள் மாலை ஒருவர் ரசீதோடு வந்து நின்றார். தாளில் எண் இருக்கிறது, டேபிளில் அந்தப் பதிவு இல்லை. நிரலின் நிகழ்வுக் குறிப்பைப் பார்த்தால் கமிட் (மாற்றங்களை நிரந்தரமாக்குவது) ஆனதாகவே இருந்தது. இரண்டு நாள் தேடினோம். ஒரு த்ரெட் ரசீதை இன்சர்ட் செய்து எண்ணையும் வாங்கிவிட்டது. அது கமிட் செய்வதற்குள், அதே கனெக்‌ஷனில் வேறு வேலை செய்த இன்னொரு த்ரெட் ஏதோ பிழை வந்து ரோல்பேக் போட்டு, கமிட் ஆகாததையெல்லாம் ரத்துசெய்திருக்கிறது. ரசீதும் அதோடு போயிற்று. பிறகு வந்த கமிட்டுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, அதனால் பிழையும் வரவில்லை. பணம் கட்டிய மனிதர் அன்று எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கனெக்‌ஷனைத் த்ரெட்கள் பகிரலாம் என்று சைக்கோபிஜி2 ஆவணம் சொல்வது உண்மைதான். ஆனால் டிரான்சாக்‌ஷன் (கமிட் அல்லது ரோல்பேக்கில் முடியும் கட்டளைத் தொகுப்பு) கட்டளைகளை அனுப்பும் கர்சருக்கு உரியதல்ல, கனெக்‌ஷனுக்கு உரியது. இதற்கென்றே ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி கட்டளைக்குக் கட்டளை லாக் (பூட்டு) போட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது. டிரான்சாக்‌ஷன் முடியும்வரை லாக்கைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்தால் மற்ற த்ரெட்களெல்லாம் காத்துக் கிடக்கும்.

பைத்தானின் எஸ்க்யூஎல்லைட் டேட்டாபேஸ் நூலகம், ஒரு த்ரெட் திறந்த கனெக்‌ஷனை வேறு த்ரெட் தொட்டாலே மறுத்துவிடும். பிழைச்செய்தி போனால் போதுமென்று அந்தச் சோதனையை நடத்தும் 'செக் சேம் த்ரெட்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

பூலை, அதாவது திறந்துவைத்த கனெக்‌ஷன்களின் தொகுப்பைக் கற்றுக்கொடுங்கள். வேலை வரும்போது ஒரு கனெக்‌ஷனை எடு, முடிந்ததும் திருப்பிக்கொடு; இடையில் பிழை வந்தால் ரோல்பேக் செய்துவிட்டுக் கொடு. த்ரெட்டுக்கு ஒன்றாகக் கணக்கில்லாமல் திறப்பதும் கூடாது. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி ப்ராசஸ், மாற்றாமல் விட்டால் உச்சவரம்பு 100. ஜாவா நிரல்களுக்கான ஹிகாரி பூல் நூலகம் 10 கனெக்‌ஷன் வரைதான் தானாக வைத்துக்கொள்கிறது.

ஆய்வகத்தில் இதைச் செய்துபாருங்கள். ஒரே கனெக்‌ஷன், இரண்டு த்ரெட். ஒன்று இன்சர்ட் செய்துவிட்டு இரண்டு நொடி தூங்கட்டும், மற்றது அதற்குள் ரோல்பேக் போடட்டும். முதலாவது எழுந்து கமிட் செய்தபின், டேபிளில் எத்தனை வரிசை இருக்கிறதென்று மாணவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்