அந்த வெந்நீர்த் தொட்டி விஷயம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு ஏதோ டைப் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது, அதனால் எழுத்திலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்பையில் இரண்டு நாளாகச் சாரல். கடையில் பெரிய வேலையும் இல்லை, ஒரே ஒரு ஜெட் மோட்டார் காயில் கட்ட வந்திருக்கிறது, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

டல்லாஸிலிருந்து நீ அனுப்பின கொட்டேஷனை மூன்று தடவை படித்தேன். நீச்சல் குளம் தோண்டுகிறவர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார் என்றாய். குளத்தோடு சேர்த்து ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டியையும் கான்கிரீட்டிலேயே கட்டிவிடுவதா, இல்லை கடையில் விற்கிற அக்ரிலிக் தொட்டியை வாங்கிக் குளத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைப்பதா, அதுதானே கேள்வி? மாப்பிள்ளைக்குக் கட்டுவதில்தான் ஆசை என்று அவர் அனுப்பின படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உயரத்தில் சின்னத் தொட்டி, அதிலிருந்து வெந்நீர், ஊர்க்குளம் நிரம்பி மறுகால் பாய்கிற மாதிரி வழிந்து கீழே நீச்சல் குளத்தில் விழுகிறது, அடியில் நீல விளக்கு. பார்க்க அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. உங்கம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "குற்றாலத்தைக் கூடக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்வார்கள் போலிருக்கே" என்றாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு இறக்கி வைக்கிற தொட்டிக்குத்தான். ஏன் என்று கேள்.

நீங்கள் அதில் எப்போது உட்காரப் போகிறீர்கள்? நீயே சொன்னாய், பேத்தி தூங்கின பிறகு, ராத்திரி ஒன்பதரைக்கு, இருபது நிமிஷம், மாப்பிள்ளைக்கு முதுகுவலி தீர. கட்டுகிற தொட்டிக்குத் தனி மோட்டார், தனி ஹீட்டர் பெரும்பாலும் கிடையாது, குளத்துக்குப் போடுகிற அதே சாமான்தான், வால்வைத் திருப்பி இந்தப் பக்கம் விடுவார்கள். அதில் தண்ணீர் எப்போதும் சூடாக இருக்காது, வேண்டும்போது சுட வைக்க வேண்டும். உங்கள் கொட்டேஷனில் தொட்டிக்கு ஏறக்குறைய 3,000 லிட்டர் கணக்குப் போட்டிருக்கிறது. ஜனவரியில் குளத்துத் தண்ணீர் 12 டிகிரி இருந்தால் அதை 39க்குக் கொண்டுபோக அவர்கள் எழுதியிருக்கிற, மணிக்கு 4 லட்சம் பிடியூ (அது சூட்டை அளக்கிற அலகு) கேஸ் ஹீட்டர் ஒரு மணி நேரம் முழு மூச்சில் எரிய வேண்டும். மணிக்கு 4 லட்சம் பிடியூ என்றால் 117 கிலோவாட், நம் பக்கத்து வயலில் ஓடுகிற ஏழரை எச்.பி. மோட்டார் இருபதைச் சேர்த்து ஓடவிட்ட மாதிரி. ஒன்பதரைக்கு உட்கார எட்டரைக்கே பொத்தானை அழுத்த வேண்டும், அந்த நேரத்தில் நீ பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாய், மாப்பிள்ளை ஆபீஸ் போனில் இருப்பார். முதல் மாதம் செய்வீர்கள். அப்புறம் சனிக்கிழமை மட்டும். அப்புறம் யாராவது விருந்தாளி வந்தால். எழுந்து வந்ததும் அந்தச் சூடெல்லாம் விடிவதற்குள் போய்விடும், ஏனென்றால் கான்கிரீட் தொட்டிக்கு மேலே மூடியும் இல்லை, சுற்றிச் சூடு தாங்க ஒன்றும் இல்லை. படத்தில் இருக்கிற மாதிரி வழியவிட்டால், அந்த வழிசலே சூட்டைக் கொண்டுபோய்க் குளத்தில் கொட்டிவிடும்.

இறக்கி வைக்கிற தொட்டி வேறு மாதிரி. 1,500 லிட்டர் பிடிக்கும், நம் மொட்டைமாடி சின்டெக்ஸில் ஒன்றரை என்று வைத்துக்கொள். உடம்பைச் சுற்றி நுரைப் பஞ்சு, மேலே கனமான மூடி, உள்ளேயே அதற்கென்று மோட்டாரும் ஐந்தரை கிலோவாட் ஹீட்டரும். முதல் தடவை பச்சைத்தண்ணீரிலிருந்து சூடேற எட்டு மணி நேரம் ஆகும், அதன் பிறகு குறைகிற கொஞ்சத்தை மட்டும் அதுவே ஏற்றிக்கொண்டு எந்நேரமும் தயாராக இருக்கும். மூடியைத் தூக்கினால் உட்கார வேண்டியதுதான். தண்ணீர் பீய்ச்சுகிற ஜெட் கட்டுகிற தொட்டியில் ஆறோ எட்டோ வைப்பார்கள், இதில் முப்பது நாற்பது இருக்கும், முதுகுக்கு, பிடரிக்கு, உள்ளங்காலுக்கு என்று தனித்தனியாக.

இந்த ஜெட் விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தம் உண்டு. இந்த மாதிரித் தொட்டியை ஜக்கூஸி என்கிறார்களே, அது ஏதோ ஆடம்பரப் பெயர் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் பெயர், அண்ணன் தம்பிகள் சேர்ந்து முதலில் விமானத்துக்குப் புரொப்பெல்லர் செய்தார்கள், அப்புறம் ஆழ்கிணற்றுப் பம்ப். என் தொழில்தான்! அவர்களில் கேண்டிடோ என்கிறவருடைய சின்னப் பையனுக்கு மூட்டுவாதம், ஆஸ்பத்திரியில் சுழல்நீர் சிகிச்சை கொடுத்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்குகிற மாதிரி ஒரு பம்ப் செய்தார், அது 1956இல் கடைக்கு வந்தது. ஜெட்டைத் தொட்டியின் சுவரிலேயே பதித்தது 1968இல், அதே குடும்பத்து அடுத்த தலைமுறை ஆள். முதலில் வந்தது தூக்கி வைக்கிற சாமான்தான் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

இப்போது மண். தோண்டினது கன்னங்கரேல் என்று இருந்ததாகச் சொன்னாய். டல்லாஸ் பக்கம் அது கரிசல், வேறென்ன. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். உனக்கு நினைவிருக்காது, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் நான் மோட்டார் மாட்டப் போவேன். கிணற்று மேட்டில் பெரிய தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி மாடு குடிக்க ஒரு சின்னத் தொட்டி, இரண்டு வருஷம் கழித்துச் சேர்த்துக் கட்டினது. சித்திரையில் போனபோது இரண்டும் சேருகிற இடத்தில் என் சுண்டுவிரல் போகிற வெடிப்பு. சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். ஐப்பசி மழையில் மண் உப்பி, அடைத்த சிமெண்ட் பிதுங்கி மீன் செதில் மாதிரி உதிர்ந்து கிடந்தது, தண்ணீர் அந்தப் பொந்து வழியே தொட்டிக்கு அடியில் போய் அடியையும் கிளப்பிவிட்டது. மூன்று தடவை பூசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மாட்டுத் தொட்டியை இடித்தார்கள். ஆகவே, கட்டத்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்தால் குளமும் தொட்டியும் ஒரே கம்பிக் கூட்டில், ஒரே நாள் கான்கிரீட்டில் வர வேண்டும். பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்கிற பேச்சே கூடாது.

எனக்கும் பதில் சொல்ல முடியாத இடம் இல்லாமலில்லை. இறக்கி வைக்கிற தொட்டி மூன்றடி உயரப் பெட்டி, உங்கள் கொல்லைப்புறத்தில் யாரோ பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரிதான் இருக்கும். பத்துப் பதினைந்து வருஷம்தான் ஓடும், கான்கிரீட் அதைவிட நிற்கும். மூடி நாலைந்து வருஷத்தில் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்துவிடும், புதிது வாங்க வேண்டும். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாத் தண்ணீரையும் திறந்துவிட்டுக் கழுவி நிரப்ப வேண்டும். ஜூலையில் உங்களுக்கு வெளியிலும் 40 டிகிரி, தொட்டிக்குள்ளும் 40 டிகிரி, யார் போய் உட்காருவார்? அந்த நேரத்தில் கட்டின தொட்டியென்றால் ஹீட்டரை அணைத்துவிட்டு அதையும் குளமாக வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் உண்மை.

அழகுக்காக அந்தப் பெட்டியைக் குழி தோண்டித் தரைமட்டத்துக்கு இறக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதை மட்டும் கேட்காதே. 2023 டிசம்பர் 17, 18 மழையில் நம் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா, உன்னிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை. கிணற்றடி மோட்டாரைச் சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று நானேதான் மூன்றடிக் குழிக்குள் வைத்துப் பலகை போட்டு மூடியிருந்தேன். ராத்திரியோடு ராத்திரியாகக் குழி நிறைந்து மோட்டார் முங்கிவிட்டது, ஊரெல்லாம் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் எட்டு நாள் குடத்தில் தண்ணீர். தெருவே சிரித்தது. அந்தத் தொட்டிக்கும் மோட்டார், ஹீட்டர், போர்டு எல்லாம் அடிப்பக்கத்துக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, குழியில் இறக்கினால் கதவைத் திறக்க முடியாது, தண்ணீர் தேங்கினால் எல்லாம் போச்சு. தரைக்கு மேலேயே இருக்கட்டும்.

உங்கம்மா மூட்டுவலிக்கு ஆகும் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னாய். நாங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஆட்கள், எங்களை நினைத்து ஒன்றும் கட்டாதே. ஆனால் மூன்றடி ஏற அவளால் முடியாது என்பது சரிதான், அதற்கு அகலமான இரண்டு படியும் கைப்பிடியும் போட்டால் போதும். பிரஷர் மாத்திரை போடுகிறவள், 37, 38க்கு மேல் சூடு வேண்டாம், பதினைந்து நிமிஷத்துக்கு மேலும் வேண்டாம், அதற்கும் முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

பேத்தியைப் பற்றி. உங்கள் நாட்டில் முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி, ஏழு வயது, 2002இல் ஒரு ஹாட் டப்பில் அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற துவாரத்தில் உடம்பு ஒட்டிக்கொண்டு, பெற்ற தாய் இழுத்தும் வராமல் இறந்துபோனாள். 2007இல் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சட்டம் வந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நம் பிள்ளைக்கு முடி இடுப்புவரை. எந்தத் தொட்டியானாலும் உறிஞ்சுகிற வாய் ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டு வேண்டும், அதை மூடுகிற தட்டு வெடிக்காமல் திருகாணியோடு இருக்க வேண்டும், அவள் முடியைக் கொண்டை போடாமல் உள்ளே விடாதே. இறக்கி வைக்கிற தொட்டிக்குப் பூட்டுப் போடுகிற மூடி இருக்கிறது, கட்டுகிற தொட்டி எந்நேரமும் வாயைத் திறந்தபடி இருக்கும். எனக்கு இந்த ஒன்றே போதும்.

தண்ணீரில் போடுகிற மருந்து விஷயத்தில் குளத்தை நினைத்து ஏமாறாதே. 70,000 லிட்டரில் நாலு பேர் இறங்குவதும் 1,500 லிட்டரில் நாலு பேர் உட்காருவதும் ஒன்றில்லை, வெந்நீரில் குளோரின் சீக்கிரம் செத்துவிடும். பத்து நாள் கவனிக்காமல் விட்டால் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வரும். இறங்குகிறதற்கு முன்னால் குளோரின் அளவு காட்டுகிற பட்டையைத் தோய்த்து நிறம் பார்க்கிற வேலையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு, ஆசைப்பட்டவர் அவர்தானே.

சரி, வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்வது? தொட்டியை இப்போதே வாங்க வேண்டாம். ஆனால் குளத்தைச் சுற்றித் தளம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிட வேண்டும், பிறகென்றால் தளத்தை உடைக்க வேண்டியிருக்கும். தண்ணீரும் ஆளுமாக அந்தத் தொட்டி இரண்டு டன்னுக்கு மேல் வரும், அதற்கு நாலு அங்குலக் கனத்தில் கம்பி கட்டின தனித் தளம் வேண்டும், அதுவும் குளம் தோண்டி மண் கொட்டி நிரப்பின ஓரத்தில் வேண்டாம், தோண்டாத கெட்டி மண்ணில். மெயின் போர்டிலிருந்து அங்கே வரை 18 அங்குல ஆழத்தில் ஒயர் போகிற பைப் புதைக்கச் சொல், சொல்கிற அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக. 240 வோல்ட், 50 ஆம்ப் லைன், நாலு ஒயர். உங்கள் ஊரில் 240 என்றால் இரண்டு 120 சேர்ந்தது, நியூட்ரல் தனியாக வரும். ஆளைக் காப்பாற்றுகிற டிரிப்பர் கட்டாயம், அணைக்கிற சுவிட்ச் தொட்டியிலிருந்து ஐந்தடியாவது தள்ளி, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், மாப்பிள்ளை வீடியோ பார்த்துத் தானே செய்கிறேன் என்று கிளம்பினால் எனக்கு உடனே போன் போடு. வேலி அடைப்பதற்கு முன்னால் தொட்டியைச் சாய்த்துக் கொண்டுவர மூன்றரை அடி வழி விட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள், இல்லையென்றால் கிரேன் வைத்து வீட்டுக்கு மேலே தூக்குவார்கள், அந்தச் செலவு வேறு.

இவ்வளவும் செய்துவிட்டு ஒரு குளிர்காலம் பொறுங்கள். குளத்திலேயே எத்தனை நாள் இறங்குகிறீர்கள் என்று பார்த்துவிட்டுத் தொட்டி வாங்கலாம், வாங்காமலும் விடலாம், தளத்தின் மேல் நாலு நாற்காலி போட்டுக் காபி குடிக்கலாம். 2021 பிப்ரவரியில் பனி உறைந்து, கரண்ட் போய், நீங்கள் காருக்குள் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் போட்ட கதையை மறந்துவிட வேண்டாம், வெளியே எவ்வளவு பைப் ஓடுகிறதோ அவ்வளவு வெடிக்கும் என்று அன்றைக்கு நீதான் சொன்னாய்.

மாப்பிள்ளை வருத்தப்படாமல் சொல். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், நீயே யோசித்த மாதிரி சொல்.

பைப் புதைத்ததும் மண் தள்ளி மூடுவதற்கு முன்னால், சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி டேப்பைப் பக்கத்தில் வைத்து நாலு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. உங்கம்மா அப்பளம் பார்சல் வந்து சேர்ந்ததா என்று கேட்கிறாள்.

அப்பா
அம்பாசமுத்திரம்