குரல் உடைந்ததற்கா மதிப்பெண் குறைத்தீர்கள்?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளின் தயாரிப்பாளர்களுக்கும் மதிப்புக்குரிய நடுவர்களுக்கும் வணக்கம்.

பழைய நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபுவின் பாட்டுகளுக்கான சுற்றில் ஒரு தம்பி யோடலிங் செய்தார். "மேலே போறப்போ குரல் உடையுதுப்பா, சேர்த்துப் பாடு" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள்.

ஐயா, உடைந்தால்தான் அது யோடலிங். நாம் பேசும் இயல்பான நெஞ்சுக் குரலில் குரல்நாண்கள் தடித்து அதிரும். உச்சத்தில் மெல்லிதாக வரும் பொய்க்குரலில் அவை நீண்டு மெலிந்து விளிம்பில் மட்டும் அதிரும். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஒரே தாவலில் போய்த் திரும்புவதுதான் வித்தை. நடுவில் விழும் வெட்டு காதில் கேட்டே ஆக வேண்டும். கர்நாடக மேடையில் பொய்க்குரல் குறைதான், மறுக்கவில்லை. அந்த அளவுகோலை இங்கே நீட்டலாமா?

உங்கள் பேச்சைக் கேட்டு அடுத்த வாரம் அவர் என்ன செய்வார்? நெஞ்சுக் குரலையே மேலே இழுப்பார். தொண்டை இறுகும், சத்தம் கத்தலாகும், நாலு ஒத்திகையில் குரல் கம்மிவிடும். இல்லையென்றால் கமகம் போல வழுக்கிக்கொண்டு ஏறுவார். சுருதி சுத்தமாக இருக்கும், யோடலிங் இருக்காது. தயவுசெய்து வெட்டுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். குறைக்க வேறு இடங்கள் உண்டு: தாவி இறங்கிய ஸ்வரம் சுருதியில் நிற்கிறதா, மேலே போனதும் ஒலி சுருங்கிவிடுகிறதா, கீழே ஆ, ஓ, மேலே இ, ஊ என்று உயிரொலி மாறுகிறதா. எல்லாவற்றையும் 'ஆ'விலேயே பாடினால் தாவல் மழுங்கும். அதற்குத் தாராளமாகக் குறையுங்கள்.

ஒலிப்பதிவாளருக்கும் ஒரு வார்த்தை. சுருதி திருத்தும் மென்பொருள் வெட்டை வழித்துவிடும். எக்கோவை ஏற்றினால் மிச்சமும் மூழ்கிவிடும். டிராக்கை ஒரு கட்டை இறக்கிக் கொடுத்தால், குரல் இயல்பாக மாறும் இடத்துக்குப் பாட்டு எட்டாமலே போகும்.

திரையில் 'டார்ஜான் கத்தல்' என்று எழுத்து வேறு ஓடவிட்டீர்கள். மலைக்கு மலை கூப்பிட்ட ஆல்ப்ஸ் மேய்ப்பர்களின் முறை இது. 'யோ' என்ற கூவலிலிருந்தே ஜெர்மன் மொழியில் பெயர் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆப்பன்செல் பகுதியில் இன்றும் சொல்லே இல்லாமல் பல குரல்களில் பாடுகிறார்கள். 1910 முதல் அந்த நாட்டில் இதற்கென்று தேசியச் சங்கமே இருக்கிறது. அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகர் 1927-இல் தொடங்கிப் பதிவுசெய்த யோடல் பாட்டுகள் உலகம் சுற்றின. இந்தியில் கிஷோர் குமார் பாடினார். எல்லோருக்கும் குரல் உடைந்திருக்கிறது, பாவம், சேர்த்துப் பாடச் சொல்ல உங்களைப் போல் யாரும் அமையவில்லை.

போட்டியாளரின் அம்மா அழுவதை மூன்று கோணத்தில் காட்ட நேரம் இருக்கிறது. பாடிய முறை என்னவென்று சொல்ல அரை நிமிடம் இல்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான்: வெட்டுக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை இந்தச் சுற்று வைத்தால் யோடலிங் தெரிந்த ஒருவரை நடுவர் வரிசையில் உட்காரவையுங்கள்.

இப்படிக்கு,
யோடலிங் பயிலும் ஒரு நேயர்