திங்கட்கிழமைக்குள் ஒரு பதில்

அன்புள்ள தோழிக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். திட்ட வேண்டியதையெல்லாம் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, சின்னவன் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். உன் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதைத் தனியாக எழுது. நான் இன்று உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. பத்து நாளாக மனசைப் போட்டு அரிக்கிறது. உன்னை விட்டால் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் குழந்தைத் தொழிலாளர் பாடம். புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, கடைசியில் சட்டம். அடிக்கோடு போடச் சொன்னால் ஒரே பீரியடில் முடிந்துவிடும். அப்படி முடிக்க மனசு வராமல் விவாதம் வைத்தேன். 'குழந்தைகள் வேலைக்குப் போவது சரியா, தவறா?' ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் 'சரி' அணி, சுவர்ப் பக்கம் இருந்தவர்கள் 'தவறு' அணி. நானே பிரித்துவிட்டேன்.

வகுப்பு கலகலவென்று போனது. 'தவறு' அணியில் மூன்றாவதாக எழுந்த பையன் நன்றாகப் படிப்பவன், அதிகம் வாய் திறக்க மாட்டான். "பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிற பெற்றோரை" என்று கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். பின்னாலிருந்து யாரோ "தண்டிக்க வேண்டும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அவன் தாளை நான்காக மடித்தான். எட்டாக மடித்தான். அதற்கு மேல் மடிக்க முடியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூச்சம் என்று நினைத்து, "பரவாயில்லப்பா, அடுத்தவங்க வாங்க" என்றேன்.

அடுத்த மூன்று நாள் அவன் வரவில்லை. நான்காம் நாள் மதியம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுடைய அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு எட்டு மாதமாகப் படுக்கை. இவன் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். பேசும்போது அவன் கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் மெல்லிய கீறல்கள், சிலது காய்ந்தது, சிலது புதுசு. "எங்கம்மாவத் தண்டிக்கணும்னு என்னால சொல்ல முடியல டீச்சர்." வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் வீட்டுக்குச் செய்ய வேண்டியதைத் தலைமையாசிரியரோடு சேர்ந்து செய்துகொண்டிருக்கிறேன். அதை இங்கே விரித்து எழுதுவது அவனுக்கு நல்லதில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. நம் மௌனகுரு சார் பயிற்சிக் கல்லூரியில் படித்துப் படித்துச் சொன்னாரே, 'கேள்வியை எடைபோட்டுவிட்டு வகுப்புக்குப் போ' என்று. நான் எடைபோடவில்லை. சர்ச்சைக்குரிய விஷயத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. உலகம் விடை சொல்லி முடித்த கேள்வியையும் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிற கேள்வியையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினேன், தப்பு அங்கேதான். குழந்தையை அபாயமான வேலையில் தள்ளலாமா என்பது முடிந்துபோன கேள்வி. அதைத் தடைசெய்து 1999இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கையை 2020 ஆகஸ்டுக்குள் அதன் 187 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அந்த அமைப்பின் வேறெந்த உடன்படிக்கைக்கும் அதுவரை அப்படி நடந்ததில்லை. அதைப் போய் 'சரி' என்று வாதாடு என்று பாதி வகுப்பை ஏவிவிட்டிருக்கிறேன். மீதிப் பாதியை ஒருத்தன் தாய்க்குத் தண்டனை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதற்குள்ளேயே முடியாத கேள்விகள் எத்தனை இருக்கின்றன தெரியுமா! தேடத் தேட எனக்கே ஆச்சரியம். 1973இன் 138ஆம் உடன்படிக்கை வேலைக்குச் சேரும் வயது 15 என்கிறது, இலகுவான வேலைக்கு 13. பொருளாதாரத்தில் பின்தங்கிய நாடுகள் 14, 12 என்று ஆரம்பிக்கலாம். பொலிவியாவில் வேலை செய்கிற பிள்ளைகளே சங்கம் வைத்துத் தெருவில் இறங்கி, எங்களை வேலை செய்ய விடுங்கள், பாதுகாப்பைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 2014இல் அந்த நாடு சில நிபந்தனைகளோடு 10 வயதுப் பிள்ளையும் சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று சட்டமே போட்டது. சில வருஷத்தில் மறுபடியும் 14க்கே போய்விட்டது. யார் சொன்னது நியாயம்? விவாதிக்க வேண்டியது இதை அல்லவா?

அடுத்த வாரம் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அணி பிரிக்கவில்லை. உலகத்தில் குழந்தைத் தொழிலாளர்கள் 2020இல் 16 கோடி, 2024இல் 13.8 கோடி, அதில் 5.4 கோடிப் பேர் அபாயமான வேலையில். பாதிக்கு மேல் விவசாயத்தில் என்று எழுதியதும் முதல் வரிசைப் பெண் ஒருத்தி, "அப்ப போஸ்டர்ல எல்லாரும் ஏன் டீச்சர் ஃபேக்டரியையே வரையறோம்?" என்றாள். நீ இருந்திருந்தால் அவளைத் தூக்கிக் கொஞ்சியிருப்பாய்.

அப்புறம்தான் அந்தப் பையன் கை தூக்கினான். "இலகுவான வேலைன்னா எத்தனை மணி நேரம் டீச்சர்?" உடன்படிக்கையில் மணிக்கணக்கு இல்லை. உடம்பையும் படிப்பையும் கெடுக்கக் கூடாது, நேரத்தை அந்தந்த நாடு வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் வகுப்பே பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரமா, இரண்டா? பரீட்சை நாளில்? அப்பாவுக்கு உடம்பு முடியாவிட்டால் அந்த வீட்டுக்கு யார் பணம் தருவது, அரசாங்கமா, முதலாளியா? மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர்கூட அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் மற்றவர்களில் ஒருவனாகச் சண்டை போட்டான். அந்த இருபது நிமிஷத்துக்காக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பாடம் எடுப்பேன்.

இதற்கிடையில் ஒரு பெற்றோர் போன் செய்து, "சர்ச்சை எல்லாம் வேண்டாம், புத்தகத்தை மட்டும் நடத்தச் சொல்லுங்க" என்றாராம். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். 1976இல் ஜெர்மனியில் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் அரசியல் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்த மூன்று விதிகளை எழுதிக் கொடுத்தேன். மாணவனை நம் கருத்துக்குள் அமுக்காதே. வெளியே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்டு. தன் நிலைமையைத் தானே ஆராய்ந்து பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடு. அவர் இரண்டு தடவை படித்தார். "முதல் விதிய ஸ்டாஃப் ரூம்லயும் ஒட்டிவைங்க" என்றார். நல்ல மனிதர்.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்த வகுப்பு முடியும்போது போஸ்டர் பெண் கேட்டாள்: "எல்லாரும் சொல்லிட்டோம், நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?" அடுத்த திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மொட்டை மாடியில் விடிய விடிய நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கல்வியாளர் ஸ்டென்ஹவுஸ் சொன்ன மாதிரி ஆசிரியர் விவாதத்துக்கு நடுநிலைத் தலைவராக, 'நியூட்ரல் சேர்' ஆக, உட்கார்ந்தால் போதும், கருத்தைச் சொன்னால் மார்க்குக்குப் பயந்து பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்றேன். ஒளித்துவைப்பதும் ஒரு பொய்தான் என்றாய் நீ. என்னை 'நாற்காலி' என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றுதான். இத்தனை வருஷம் என் கட்சியில் நான் ஆடவே இல்லை. இப்போது ஆடுகிறேன். பள்ளி முடிந்து எந்தப் பிள்ளையும் வேலைக்குப் போகக் கூடாது என்று சொன்னால் அது நேராக அவன் அம்மா தலையில் போய் விழும். சூழ்நிலையைப் பொறுத்தது என்றால் ராத்திரி பத்து மணி வரை அவன் பெட்டி தூக்குவதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. வாயை மூடிக்கொண்டாலோ, அவன் அந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வான். எந்த அர்த்தம் என்று எனக்குத் தெரியாது.

நீ உன் கருத்தை வகுப்பில் சொல்கிறவள். எப்படிச் சொல்கிறாய்? எதிர்க் கருத்துள்ள பிள்ளை அதற்கப்புறமும் உன்னிடம் வாய் திறக்கிறதா? எதிரில் சம்பந்தப்பட்ட பிள்ளையே உட்கார்ந்திருக்கும்போது எங்கிருந்து ஆரம்பிப்பாய்? நியாயம் பேசாமல் நீ செய்ததைச் சொல்லு.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். கடிதம் வந்து சேராது. ஞாயிறு சாயங்காலம் போன் செய், எவ்வளவு நேரமானாலும் எடுக்கிறேன்.

அன்புடன்,
உன் நாற்காலி