நான்கு கறுப்புச் சதுரங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, ஆச்சி மூவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். பிசானத்துக்கு நாற்றுப் பாவத் தொடங்கிவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக வருகிறது.

வெள்ளிக்கிழமை இரவு நீ போனில் அழுததை அம்மாவிடம் நான் முழுவதும் சொல்லவில்லை. "படம் வரையத்தான் ஓவியக் கல்லூரிக்கு வந்தேன். ஆறு வாரமாகக் கறுப்புத் தாளை வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஒன்பது கட்டம் போடச் சொல்கிறார்கள், போட்டதைத் திருப்பித் தருகிறார்கள். ஊருக்கே வந்துவிடட்டுமா அப்பா?" என்று கேட்டாய். எனக்குப் போனில் பதில் வரவில்லை. பிரஷ் பிடித்த கைக்கு எழுதினால்தான் பேச்சு வரும். வந்துவிடாதே அம்மா. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன், படி.

17 வயதில் அம்பாசமுத்திரத்தில் கடைகளுக்கு போர்டு எழுதும் வாத்தியாரிடம் வேலைக்கு இருந்தேன். தகரத்தைத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, பிரஷ் கழுவுவது என்று மூன்று வருடம் போனது. அதன் பிறகு ஒருநாள் ஒரு போர்டு முழுவதையும் என்னிடம் விட்டார். 'பத்தமடைப் பாய்க்கடை' என்று எழுத வேண்டும். நூலில் காவி தடவி மேலும் கீழும் கோடு தட்டினேன். ஸ்கேல் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒன்றரை அங்குலம் விட்டு சாக்பீஸால் வரைந்தேன். அளவில் ஒரு நூல் பிசகில்லை. வாத்தியார் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஈரத்துணியால் அத்தனையையும் துடைத்துவிட்டார்.

அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வந்தது, உனக்கு வந்ததுபோலவே. "அளந்துதானே போட்டேன்" என்றேன். என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சாக்பீஸின் தடம் தகரத்தில் இலேசாகத் தெரிந்தது. 'மடை'யில் உள்ள டகரத்தைப் பார்க்கச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்து கால் நீட்டிய ஆள் மாதிரிதானே இருக்கும் அந்த எழுத்து? நீட்டிய காலுக்கு மேலே வெறும் இடம். அடுத்து வரும் 'ப்' அதற்கப்பால் தள்ளி நிற்கிறது. அந்த இடத்தில் போர்டில் ஒரு குளம் வெட்டியதுபோல இருந்தது. அதற்கு நேர்மாறாக 'ப்பா' என்ற இடத்தில் ஆறு நேர்க்கோடுகள் வேலிக் கம்பு மாதிரி நெருங்கி நின்றன. எல்லா இடைவெளியும் ஒன்றரை அங்குலம்தான், ஆனால் கண்ணுக்கு ஒன்றுகூட ஒன்றரை அங்குலம் இல்லை. "எழுத்துக்கு நடுவில் மணலைக் கொட்டுகிறாய் என்று வைத்துக்கொள். எல்லாக் குழியும் ஒரே அளவு மணல் வாங்க வேண்டும்" என்றார் வாத்தியார். மறுபடி எழுதினேன். டகரத்தின் பாதத்துக்குப் பக்கத்தில் 'ப்' முக்கால் அங்குலத்துக்கு வந்தது. 'ப்'புக்கும் 'பா'வுக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட்டேன். ஸ்கேலில் கோணல், தெருவிலிருந்து பார்த்தால் நேர்.

உன் ஒன்பது கட்டத்திலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளையில் ஒவ்வொரு சொட்டுக் கறுப்பாகக் கூட்டிக்கொண்டே போகிறாய் அல்லவா? முதல் சொட்டிலேயே வெள்ளை வெகுவாக இறங்கிவிடும். கடைசிக் கட்டங்களில் பத்துச் சொட்டு விட்டாலும் அசையாது. சொட்டுக் கணக்கில் சமமாக இருக்கும் படிகள் கண் கணக்கில் சமமாக இருப்பதில்லை. அதனால்தான் திருப்பித் தருகிறார்கள். கலவையை எண்ணாதே. ஒவ்வொரு கட்டத்தையும் முன்னும் பின்னும் உள்ளவற்றுக்கு நடுவே வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார். மூன்று கட்டம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தெரிந்தால் அங்கே படி இல்லை. இந்தக் கண் சுருக்கல் எனக்கு இருபது வருடம் சோறு போட்டது. வெள்ளைச் சுவரில் மஞ்சள் எழுத்துக் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு நிறம்தான், ஆனால் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்று. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். அதே மஞ்சளைக் கருநீலத்தில் எழுதினால் இரண்டு தெரு தள்ளி நின்று படிக்கலாம்.

நிறத்தில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன்பு ஒரு ஜவுளிக்கடைக்கு நல்ல சிவப்புத் தளத்தில் சாம்பல் நிற எழுத்து எழுதினேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "சாம்பல் கேட்டால் பச்சை அடித்திருக்கிறாயே" என்றார். டப்பாவைத் திறந்து காட்டினேன். டப்பாவில் சாம்பல், போர்டில் பச்சை. வேறு டப்பா வாங்கி அழித்து எழுதினேன், அதுவும் பச்சை. மூன்றாவது முறை வெள்ளையாக அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். பெயிண்ட் கம்பெனியைத்தான் வெகுநாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உன் வகுப்புக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதில் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞரைப் பற்றி இருந்தது. பாரிஸில் கோப்லேன் என்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பொறுப்புக்கு வந்தவர். கறுப்பு நூல் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்தால் மங்குகிறது என்று நெசவாளர்கள் அவரிடம் முறையிட்டிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குற்றமே இல்லை. பக்கத்து நிறம் கறுப்பைத் தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது, நெசவாளர் கண் அதைத்தான் பார்த்திருக்கிறது. 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டிருக்கிறார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை. என் சாம்பலைப் பச்சையாக்கியது அந்தச் சிவப்புத் தளம். கலவையில் துளி சிவப்பைச் சேர்த்திருந்தால் முதலாளி கேட்ட சாம்பல் கிடைத்திருக்கும். 1839இல் ஒருவர் எழுதிவைத்தது எனக்கு என் மகள் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அதை நான் 18 வயதில் நான்கு வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டி ஒரே வாரத்தில் கற்றிருக்க முடியும். அந்த வாரம்தான் இப்போது உன் கையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுப்பாடத்தை நானும் செய்து பார்த்தேன். ஒரே அளவில் நான்கு கறுப்புச் சதுரம் வெட்டி, ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்தேன். சதுரங்களை மாற்றி மாற்றி வைத்து 'அமைதி', 'இறுக்கம்', 'நெரிசல்', 'ஓட்டம்' எல்லாம் கொண்டுவர வேண்டும் என்றாயே. நான்கையும் நடுவில் வரிசையாக வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, நான்கு காகிதம் கிடந்தது, அவ்வளவுதான். கடைசிச் சதுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளின் ஓரத்துக்குத் தள்ளினேன். ஓரத்தைத் தொடுவதற்கு ஒரு நெல் அகலம் இருக்கும்போது தாள் முழுவதும் விறைத்துக்கொண்டது. தொட்டதும் அந்த விறைப்பு போய்விட்டது. ஒரு சதுரத்தை மேலே மூலையில் சாய்த்து வைத்தேன். அடுக்களையிலிருந்து வந்த அம்மா, "இது விழப்போகிறது, எடுங்கள்" என்றாள். தரையில் கிடக்கும் தாளில் ஒட்டாத ஒரு காகிதத் துண்டு எங்கே விழும்? ஆனால் அவள் கண்ணுக்கு விழுந்தது. அது போதும், உன் ஆசிரியர்கள் கேட்பதும் அந்த விழுதலைத்தான். அம்மா பிறகு தானே உட்கார்ந்து அரைமணி நேரம் சதுரங்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜெர்மனியில் வைமர் நகரத்தில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளியில், தச்சுக்குப் போகிறவர், தறிக்குப் போகிறவர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் இப்படி அடிப்படைப் பயிற்சிதான் முதல் ஆறு மாதம் என்றும் உன் குறிப்பில் இருந்தது. உனக்கு ஆறு வாரம்தானே ஆகிறது.

என் வாத்தியார் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் சாமி படக் காலண்டர்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவார். காலண்டரில் அரை அங்குலக் கட்டம், சுவரில் ஒரு அடிக் கட்டம். முருகன் முகத்தை நான் ஏறிட்டுப் பார்த்தால் கையில் ஒரு அடி விழும். "முருகனைப் பார்க்காதே, கட்டத்தைப் பார். கோடு எந்த இடத்தில் உள்ளே வருகிறது, எந்த இடத்தில் வெளியே போகிறது?" என்பார். முகம் என்று நினைத்தால் மனத்தில் இருக்கும் முகத்தைக் கை வரைந்துவிடும். கட்டம் என்று நினைத்தால்தான் எதிரில் இருப்பதை வரையும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஆச்சியை நீ பிளஸ் டூவில் வரைந்த படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சிய படம், எனக்கும் உயிர். ஆனால் நீ இப்போது படிக்கிற பிள்ளை, உள்ளதைச் சொல்கிறேன். ஆச்சியின் காதில் உள்ள பாம்படத்தை அழகாக வரைந்திருக்கிறாய், ஒவ்வொரு உருண்டையும் பட்டையும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனாலும் அது தொங்கவில்லை. ஆச்சியின் வளர்த்த காதில் நீளமாக, நீர்த்துளி மாதிரி ஒரு துவாரம் இருக்கிறதே, அதன் வழியாகக் கழுத்தின் நிழல் தெரியுமே, அந்த வெற்றிடத்தின் வடிவத்தை நீ பார்க்கவில்லை. காது என்று உனக்குத் தெரிந்ததை வரைந்து, பாம்படம் என்று உனக்குத் தெரிந்ததை அதன் அடியில் வைத்துவிட்டாய். எடை எங்கே இருக்கிறது என்றால் அந்தத் துவாரத்தில்தான் இருக்கிறது. கனம் இழுக்க இழுக்க அது மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கும். இன்னொன்று, முகம் சரியாகத் தாளின் நடுவில் இருக்கிறது, சுற்றிலும் உள்ள இடத்துக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

உன்னைப் பத்தமடைக்குக் கூட்டிக்கொண்டு போனேனே, நான்காம் வகுப்பில், நினைவிருக்கிறதா? ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, காய வைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பாயின் இரு தலைப்பிலும் சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பட்டைகள், நடுப்பாய் வெறும் கோரை நிறம். "நடுவில் ஏன் ஒன்றும் போடவில்லை?" என்று நீ கேட்டாய். "அங்கேயும் போட்டால் தலைப்பு எங்கே தெரியும்?" என்று பாய் நெய்துகொண்டிருந்த அம்மா சொன்னார். நீ அன்றைக்கே கேட்ட கேள்விதான் இந்தச் சதுரங்களில் மறுபடி வந்திருக்கிறது.

திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் ஏறிச் சுவரோவியம் பார்த்ததையும் மறந்திருக்க மாட்டாய். கப்பலில் குதிரைகள் வருகிற படத்தின் முன்னால்தான் நீ நகராமல் நின்றாய். தூரம் காட்ட எதையும் சிறிதாக்கவில்லை, நிழல் போடவில்லை. சுவரைப் பட்டை பட்டையாகப் பிரித்து, கோட்டால் கட்டி, தட்டையாக வண்ணம் நிரப்பியிருக்கிறார்கள். சுவர் சுவராகவே இருக்கிறது, கதையும் நடக்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற கை எத்தனை வெறும் கட்டங்களை நிரப்பிப் பழகியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

ஃபிளெக்ஸ் வந்த பிறகு என்னிடம் போர்டுக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், உனக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சுவர், கோயில் மதில், லாரி நம்பர் என்று வண்டி ஓடுகிறது. பணத்தைப் பற்றி நினைத்து நீ ஒரு முடிவும் எடுக்காதே. இந்தப் பருவத்துக்கான விடுதிக் கட்டணத்தைத் திங்கட்கிழமை அனுப்பிவிடுகிறேன்.

தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டாயா? வரும்போது உன் சதுரங்களை, திருப்பிக் கொடுத்தவற்றையும் சேர்த்து, மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டிக் கொண்டு வா. எனக்கு எல்லாம் பார்க்க வேண்டும். மேலத்தெருவில் ஒருவர் மளிகைக்கடைக்குக் கையால் எழுதிய போர்டுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சாக்பீஸால் போட்டு வைக்கிறேன். எதிர்ப்பக்கம் போய் நின்று இடைவெளியை நீ பார்த்துச் சொல்.

ஆச்சியிடம் படத்தில் உள்ள குறையைச் சொன்னேன். "பிள்ளை வரட்டும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் கிடந்த பாம்படத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா
வீரவநல்லூர்