குல்லா மொழியை உடைந்த ஆங்கிலம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில், அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரத் தீவுகளில் வாழும் கறுப்பின மக்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் அவர்கள் பேசுவது ‘உடைந்த ஆங்கிலம்’ என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தீர்கள். ‘ஆண்பால் பெண்பால் கூடத் தெரியாத பேச்சு’ என்று வேறு ஒரு வரி. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

முதலில் பெயர். ‘கல்லா மக்கள்’ என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். உச்சரிப்புக்கு அதுதான் கிட்டே வரும், சரி. ஆனால் தமிழில் அப்படி எழுதினால் ‘படிக்காத மக்கள்’ என்றுதான் கண்ணில் படும். அதனால் அந்த மக்களையும் அவர்கள் மொழியையும் நான் குல்லா என்றே எழுதுகிறேன். ஜார்ஜியா பக்கம் அவர்களையே கீச்சி என்பார்கள்.

என் மகள் இருப்பது தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் பக்கத்தில். பேத்தி பிறந்த சமயம் ஆறு மாதம் அங்கே இருந்தேன். மவுண்ட் பிளசன்ட் வழியாகப் போகும் 17ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் மரக் கொட்டகை போட்டுக் கூடை விற்பார்கள். அதில் ஓர் அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிடுவேன். எழுபது வயது இருக்கும். நம் ஓலைப்பெட்டி மாதிரி முடைவது இல்லை அது. ஸ்வீட்கிராஸ் என்ற வாசனைப் புல்லைக் கொத்தாகச் சேர்த்து, நடுவில் ஒரு முடிச்சில் தொடங்கி, சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து ஓலைக் கீற்றால் தைத்துக்கொண்டே போவார். ஊசி கிடையாது. தலையை வெட்டி, முனையை ராவிய ஒரு ஸ்பூன் காம்புதான். அதை ‘எலும்பு’ என்றே சொல்கிறார்கள். அதைக் குத்தி வழி உண்டாக்கி, ஓலையை நுழைத்துச் சர்ரென்று இழுப்பார். இந்தக் கைவேலை ஆரம்பத்தில் நெல் புடைக்கும் தட்டுக்காக வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் பக்கத்து மக்களுக்கு நெல் விவசாயம் தெரியும் என்பதால் அடிமை வியாபாரிகள் அவர்களைத் தேடிப் பிடித்து இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சதுப்பு நிலத்தில் மலேரியா. வெயில் காலத்தில் வெள்ளை முதலாளிகள் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். பல தீவுகளுக்கு 20ஆம் நூற்றாண்டு வரை பாலமும் இல்லை. வெளியாள் கலப்பு குறைந்து, அவர்கள் மொழி தப்பிப் பிழைத்தது இப்படித்தான்.

அந்த அம்மா போனில் தங்கையோடு பேசும்போது குல்லா. என் பக்கம் திரும்பியதும் ஆங்கிலம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் பழகிய பழக்கம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்து நான்கு வருஷம் புதுக்கோட்டைப் பக்கம் ஆசிரியையாக இருந்தவள் நான். ‘அப்பத்தா வந்தாக’ என்று கட்டுரையில் எழுதிய ஒரு பெண் குழந்தையை, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திருத்தியிருக்கிறேன். அப்புறம் அந்த வருஷம் பூராவும் அவள் வாயே திறக்கவில்லை. அவள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது அந்த ஆண்பால் பெண்பால் விஷயம். குல்லாவில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘இ’ என்ற ஒரே சொல். சியரா லியோனின் மெண்டே மொழியிலும் இந்தப் பால் வேறுபாடு கிடையாது. நம் ‘அவர்’ ஆணா பெண்ணா? அதனால் தமிழ் உடைந்துவிட்டதா? ‘நீங்கள்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘ஊனா’, நைஜீரியாவின் இக்போ மொழியில் உள்ள ‘உனு’வோடு உறவுள்ளது. விடியற்காலையை ‘டேக்ளீன்’ என்கிறார்கள், பொழுது சுத்தமாகிறதாம். நாம் பொழுது வெளுத்தது என்கிறோம். ஒருவன் தலைதெறிக்க ஓடினால், காலைக் கையில் எடுத்துக்கொண்டான் என்பார்கள்.

இதையெல்லாம் ஆராய்ந்து நிறுவியவர் லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியறிஞர். 1930களில் தீவு தீவாகப் போய், மக்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். 1949இல் அவர் நூல் வெளிவரும் வரை, பெரிய படிப்பாளிகளும் உங்கள் கட்டுரை சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் திரட்டியதில் ஏறக்குறைய 4000 ஆப்பிரிக்கச் சொற்கள் இருந்தன, பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் இந்தப் பெயர்களுக்குக் ‘கூடைப் பெயர்’ என்று சொல்கிறார்கள்.

ஜார்ஜியாவில் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி என்ற பெண்மணி டர்னருக்கு ஐந்து வரிப் பாட்டு ஒன்று பாடிக் காட்டினார். பொருள் அவருக்கே தெரியாது, தாய் வழியாக வந்தது. சியரா லியோனிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர்தான் கேட்டுவிட்டு, இது மெண்டே என்றார். கல்லறை வேலை இன்னும் முடியவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லும் சாவுப் பாட்டு. அறுபது வருஷம் போல் கழித்து, ஆராய்ச்சியாளர்கள் அதே பாட்டைச் சியரா லியோனில் செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் கண்டுபிடித்தார்கள். பெண்டு ஜபாட்டி என்பவருக்கு அவர் பாட்டி சொல்லிக் கொடுத்திருந்தார். பிரிந்த உறவுகளை ஒரு நாள் இந்தப் பாட்டு அடையாளம் காட்டும் என்றும் சொல்லிவைத்திருந்தாராம். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்தக் கிராமத்துக்கே போய்ச் சேர்ந்தார். தாயிடம் கேட்டு மகள் பாடிப் பாடியே இருநூறு வருஷம் வந்த பாட்டு அது.

அந்த ஹாரிஸ் நெக் ஊரை 1942இல் அரசாங்கம் ராணுவ விமானத் தளத்துக்காக எடுத்துக்கொண்டது. இன்று அது வனவிலங்குச் சரணாலயம். மக்களுக்கு நிலம் திரும்பி வரவில்லை. மற்ற தீவுகளிலும் கோல்ஃப் மைதானமும் சொகுசு வீடுகளும் வந்து, வரி கட்ட முடியாமல் ஊரைக் காலி செய்கிறவர்கள் உண்டு. உங்கள் கட்டுரை எழுத வேண்டிய செய்தி இது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், சிறுவயதில் தன் கீச்சிப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் கேலி செய்ததால் வாய் திறக்காமல் கேட்டுப் பழகிவிட்டதாகச் சொன்னார். ‘உடைந்த ஆங்கிலம்’ என்ற சொல் செய்கிற வேலை அது.

தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அவர்களின் கதைகளில் ஓநாயை ஏமாற்றித் தப்பிக்கும் ‘பு ராபிட்’ என்ற முயல் வருகிறது. பு என்றால் அண்ணன். முள்ளுப் புதரில் மட்டும் என்னைப் போட்டுவிடாதே என்று கெஞ்சி, அந்தப் புதரிலேயே பிழைத்துக்கொள்ளும் முயல். கூடைக்கார அம்மா சொன்ன மாதிரியே அந்தக் கதையைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முயலண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறேன். சிறுவர் பக்கத்தில் இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
புதுக்கோட்டை