குளத்தங்கரைப் பொதுக்கிணறும் வரத்து மடையும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய சங்க உறுப்பினர்களுக்கும் ஊர் மக்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஊர்ப் பொதுக்கூட்டம் எங்களிடம் ஒப்படைத்த மூன்று வேலைகளும் முடிந்துவிட்டன. குளத்தங்கரைப் பொதுக்கிணறு தூர்வாரப்பட்டு அதன் கற்கட்டு சீரமைக்கப்பட்டுள்ளது. கிணற்றடிக் கல்தொட்டியும் துவைகல் தளமும் மண்ணுக்குள் இருந்து மீட்கப்பட்டுள்ளன. வாய்க்கால் தண்ணீரைக் குளத்துக்குள் விடும் வரத்து மடை செப்பனிடப்பட்டுள்ளது. நன்கொடை அனுப்பிய வெளியூர் உறுப்பினர்களில் பலர், வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்ட காலத்தில் ஒரு பழைய கிணற்றுக்கு இவ்வளவு செலவு வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அது பழமைப் பற்று என்று தோன்றிவிடும் என்பதால், கணக்குக்குப் போகும் முன் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குடிதண்ணீர் வந்த வழியைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான நாஞ்சில் நாட்டில் குடிதண்ணீருக்கென்று தனியாக எதையும் முன்னோர் கட்டியதாகத் தெரியவில்லை. அவர்கள் கட்டியவை எல்லாம் வயலுக்கான அணைகளும் வாய்க்கால்களும் குளங்களுமே. ஆனால் குளம் நிறைந்தால் அதன் கரைக்குக் கீழே உள்ள கிணறு ஊறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் நம் பக்கத்து ஊர்களில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் பெரும்பாலும் குளத்தங்கரையை ஒட்டியே இருக்கின்றன. குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மணலில் வடிந்து கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. பாசனத்துக்கு விட்ட தண்ணீரே வடிகட்டிய குடிநீராகவும் மாறியது. இன்றைக்கும் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன என்றால், அவற்றின் நிழலில் எத்தனை கிணறுகள் உயிரோடு இருந்திருக்கும் என்பதை உறுப்பினர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் வந்தது பழையாற்றால் மட்டும் அல்ல. பழையாறு சிறிய ஆறு. சுசீந்திரத்தைத் தாண்டி மணக்குடியில் கடலைச் சேரும் முன் சோழன்திட்டை போன்ற பல தடுப்பணைகளில் நின்று நின்று வயலுக்குப் பிரிந்துவிடும். அதற்குப் போதாத தண்ணீரை மேற்கே உள்ள பறளியாற்றில் இருந்து திருப்பிக் கொண்டுவரும் வேலையைப் பாண்டியர் பெயரால் வழங்கும் பாண்டியன் அணையும், அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூரின் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் புத்தன் அணையும் செய்தன. ஓர் ஆற்றின் தண்ணீரை மலையடிவாரத்தில் மறித்து வேறோர் ஆற்றின் சமவெளிக்குக் கொண்டுசேர்த்த அந்தத் துணிவை நாம் இன்னும் போதிய அளவு வியந்து பேசவில்லை என்பது எங்கள் எண்ணம். பின்னர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்த வேலையை நடத்திய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சினை நம் மக்கள் மூக்கன் துரை என்று அழைத்தார்கள். அவருடைய கல்லறை அணைக்கட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணையும் சேர்ந்துகொண்டது. தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாடு புத்தனார் சானல் ஆகிய கால்வாய்களின் வழியாக மலைத்தண்ணீர் கடலோரம் வரை உள்ள குளங்களை எட்டியது. நம் குளத்துக்கு வருவதும் புத்தனார் சானலின் ஒரு கிளை வாய்க்கால் தண்ணீரே.

இந்த வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பகுதியும் உண்டு. ஊருக்குப் பொதுவானது என்று சொல்லப்பட்ட கிணறு எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. கிணற்றடியில் கயிறு போடும் உரிமை சாதியைப் பொறுத்து இருந்த காலத்தில், எத்தனையோ குடும்பங்கள் பிறர் இறைத்து ஊற்றும் வரை குடத்தோடு தள்ளி நின்றார்கள். 1936இல் திருவிதாங்கூரில் எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் நுழையலாம் என்னும் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் மதம், சாதி முதலியவற்றைக் காரணம் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லுகிறது. அந்த விதியின் சாரத்தைக் கல்லில் வெட்டிக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பதித்திருக்கிறோம். பொதுக்கூட்டம் கேட்டுக்கொண்டதற்கு மேல் நாங்களாகச் செய்த ஒரே சேர்ப்பு அதுதான். உறுப்பினர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

குழாய்த் தண்ணீர் நம் பக்கத்துக்குப் பிந்தித்தான் வந்தது. திருவிதாங்கூரின் தலைநகரான திருவனந்தபுரத்துக்கு அருவிக்கரையில் கரமனை ஆற்றை மறித்துத் தண்ணீர் கொண்டுவந்த வில்லிங்டன் நீர்நிலையம் 1933இல் திறக்கப்பட்டது. தென்கோடியில் இருந்த நாகர்கோவிலுக்கு 1940களில், மன்னர் ஸ்ரீசித்திரைத் திருநாள் காலத்தில், முக்கடல் அணை கட்டப்பட்டது. 25 அடி உயரம் வரை தண்ணீர் தேக்கும் சிறிய அணை அது. மலையடிவாரத்தில் இருப்பதால் தண்ணீர் தன் சரிவிலேயே நகரை நோக்கி இறங்கி, கிருஷ்ணன்கோவில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. கோடை முற்றினால் அந்த அணையின் மட்டம் மடைக்கும் கீழே போய், நாளிதழ்களில் மைனஸ் அடி என்று அச்சாவதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். நகரம் பெருகப் பெருக முக்கடல் போதாமல், கடைசியில் அதே பழைய புத்தன் அணையில் இருந்துதான் நாகர்கோவிலுக்குப் புதிய குடிநீர்த் திட்டம் போட வேண்டியிருந்தது. வயலுக்குக் கட்டிய அணை இன்று மாநகராட்சியின் குடத்தை நிரப்புகிறது.

1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தபோது குடிநீர்ப் பொறுப்பும் கைமாறியது. அப்போது சென்னை மாநில அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை அந்த வேலையைப் பார்த்துவந்தது. 1970இல் இயற்றிய சட்டத்தின்படி 1971 ஏப்ரல் 14இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்து, சென்னை நகரம் நீங்கலாக மாநிலம் முழுவதும் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. எல்லைக்கு அப்பால் கேரள நீர் ஆணையம் 1984இல்தான் உருவானது. ஒரே அரசின் நீர்வேலைகளாக இருந்தவை இப்படி இரண்டு நிர்வாகங்களின் கீழ் வளர்ந்தன.

வாரியம் வந்தபின் ஊருக்கு ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு தொட்டி என்ற நிலை மெல்ல மாறியது. 1980களில் அடிபம்புகள் வந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய மாற்றம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களால் வந்தது. ஆற்றுப் படுகையின் மணலுக்குள் உறிஞ்சு கிணறு இறக்கி, அங்கிருந்து மின்மோட்டாரால் தண்ணீரை ஏற்றி, குளோரின் கலந்து, மைல் கணக்கில் குழாய் பதித்துப் பல பேரூராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் ஒரே திட்டத்தில் கொடுப்பது இதன் முறை. தலைமை நீரேற்று நிலையத்தையும் முதன்மைக் குழாயையும் வாரியம் பார்த்துக்கொள்ளும். ஊர்த்தொட்டிக்கு வந்தபின் வால்வு திறப்பதும் வரி பிரிப்பதும் உள்ளாட்சியின் வேலை. கிணற்றில் உப்பு ஏறிய கடலோர ஊர்களுக்கு இந்தத் திட்டங்கள் செய்த நன்மையை எவ்வளவு சொன்னாலும் தகும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து கடல்நீர் கிணறுகளுக்குள் புகுந்தபோது, தொலைவில் இருந்து குழாயில் வரும் தண்ணீரின் அருமை மணக்குடி முதல் குளச்சல் வரை எல்லோருக்கும் விளங்கியது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் வீட்டு இணைப்புகளைக் கொண்டுவந்தது. நம் ஊரிலும் அந்த இணைப்புகள் உள்ளன. குழு அதை நன்றியோடு குறிப்பிடுகிறது.

ஆயினும் 2017 நவம்பர் 30ஐ நாம் மறக்க இயலாது. ஒக்கி புயலில் மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போயிற்று. ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடியது. ஏற்றிவிட மோட்டார் ஓடவில்லை. நம் ஊரில் அப்போது கயிறும் வாளியும் தேடி எல்லோரும் போய் நின்ற இடம் இந்தக் கிணற்றடிதான். அன்று அதன் தண்ணீர் கலங்கலாக இருந்தது, ஒரு பக்கத்துக் கட்டு சரிந்திருந்தது, அப்படியும் அது ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. இந்தத் திருப்பணிக்கான தீர்மானம் அந்த நாட்களின் நினைவில் இருந்து பிறந்தது. குழாய்த் திட்டம் மின்சாரத்தையும் தொலைவான ஆற்று மணலையும் நம்பி நிற்கிறது. கிணறு நம் குளத்தை நம்பி நிற்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பொய்ப்பது அரிது. ஆகவே ஒன்று வந்துவிட்டது என்று மற்றதைத் தூர்ந்துபோக விடுவது தவறு என்பதே குழுவின் உறுதியான கருத்து.

இனி வேலையின் விவரம். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது என்பதாலும், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் சாகுபடிகளுக்காக ஜூன் முதல் பிப்ரவரி இறுதி வரை பொதுவாகச் சானலில் தண்ணீர் ஓடும் என்பதாலும், மடை வேலைக்குக் கிடைத்தது சானல் அடைத்த பிறகான கோடை மாதங்கள் மட்டுமே. நீர்வளத் துறையின் அனுமதி பெற்று முதலில் மடையை எடுத்துக்கொண்டோம். பழைய கல்தூண்கள் உறுதியாக இருந்ததால் அவற்றை அசைக்காமல், உடைந்திருந்த தளத்தையும் பலகையையும் மட்டும் மாற்றினோம். வாய்க்கால் வண்டல் நேராகக் குளத்துக்குள் போகாதபடி மடைக்கு முன்னால் ஒரு வண்டல் குழி அமைத்திருக்கிறோம். குளத்தின் ஒரு மூலையில் படிந்திருந்த வண்டலை, வட்டாட்சியரின் அனுமதியோடு விவசாயிகள் தங்கள் செலவிலேயே எடுத்துச் சென்றார்கள்.

கிணற்றைப் பொறுத்தவரை கொத்தனார்களோடு நீண்ட விவாதம் நடந்தது. உட்புறம் முழுவதும் சிமெண்டு பூசிவிட்டால் விரைவில் முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்பது ஒரு சாராரின் கருத்து. தூர்வாரிப் பார்த்தபோது, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வரிசைகளைக் கட்டியவர்கள் சாந்து வைக்காமல் வெறும் கல்லடுக்காகவே விட்டிருந்தது தெரிந்தது. அந்த இடுக்குகளின் வழியாகத்தான் ஊற்று உள்ளே வருகிறது. அவற்றைப் பூசி அடைத்தால் கிணறு வெறும் தொட்டியாகிவிடும். எனவே சரிந்த பக்கத்தின் கீழ் வரிசைகளை அதே முறையில் சாந்தின்றி அடுக்கி, மேல் வரிசைகளுக்கு மட்டும் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து இட்டோம். சாந்து இறுகக் காத்திருந்ததால் வேலை நீண்டது. தாமதம் ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவே விளக்கம்.

தூர்வாரி முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் இட்டு, ஒரு நாள் விட்டு முழுவதும் இறைத்துவிட்டு, ஊறிய தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பினோம். முதல் மாதிரியில் கிருமிக் கலப்பு இருந்தது. மறுபடியும் மருந்திட்டு இறைத்தபின் எடுத்த மாதிரி குடிக்கத் தகுந்தது என்று வந்தது. கரைந்த உப்புகளின் அளவும் விரும்பத்தக்க வரம்பான லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளேயே இருக்கிறது. கிணற்றின் வாய்க்கு இரும்பு வலையும் இரண்டு கப்பிகளும் பொருத்தியிருக்கிறோம்.

செலவில் பெரும்பங்கு கல்லுக்கும் கொத்தனார் கூலிக்கும் போயிற்று, அடுத்தது தூர்வாரல். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு சங்க அலுவலகத்தில் உள்ளது, எந்த உறுப்பினரும் பார்க்கலாம். நன்கொடையாகவும் உழைப்பாகவும் கொடுத்த அனைவருக்கும் குழு கடமைப்பட்டிருக்கிறது. சிறப்பாக, கல்தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்று இடம் காட்டிய ஊர்ப் பாட்டிமார் இல்லாவிட்டால் அது கிடைத்திருக்காது.

முடியாமல் நிற்கும் வேலை ஒன்று உண்டு. கிழக்குத் தெருவின் சாக்கடை இன்னும் குளத்தில்தான் விழுகிறது. கிணற்றுக்கு ஊற்றுக் கொடுப்பது அந்தக் குளமே என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. சாக்கடையைத் திருப்பிவிடக் கோரி ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம், வரும் கிராமசபையில் உறுப்பினர்கள் திரளாக வந்து அதை வலியுறுத்த வேண்டும். கிணற்றில் தனியார் எவரும் மோட்டார் இறக்கக் கூடாது என்ற பொதுக்கூட்டத் தீர்மானம் தொடர்ந்து செல்லும். ஆண்டுதோறும் பங்குனியில் கிணறு இறைத்து மருந்திடும் பொறுப்பைத் தெருவாரியாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். முதல் ஆண்டை மேலத்தெருவினர் ஏற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எடுக்கும் நீர் மாதிரியின் ஆய்வு முடிவு கிணற்றடி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இவண்,
திருப்பணிக் குழுவினர்